சூரிச் 1839: வராத பேராசிரியரால் கவிழ்ந்த அரசு

1839 செப்டம்பர் 6ஆம் தேதி காலையில் சுவிட்சர்லாந்தின் சூரிச் மாநில அரசு கவிழ்ந்தது. தெருவில் துப்பாக்கி வெடித்தது, ஆட்கள் செத்தார்கள், அமைச்சர்கள் பதவியை விட்டு ஒதுங்கினார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஊரே சொன்ன மனிதர் டேவிட் ஃபிரீட்ரிக் ஸ்ட்ராஸ். வயது 31. அன்று அவர் சூரிச்சில் இல்லை. பேராசிரியர் வேலைக்கு அழைக்கப்பட்டவர்தான். ஆனால் அங்கே ஒரு வகுப்புகூட எடுத்ததில்லை. எடுக்கும் முன்பே, அதாவது மார்ச் மாதமே, "நீங்கள் வரவேண்டாம், ஓய்வூதியம் தருகிறோம்" என்று சொல்லிக் கணக்கை முடித்துவிட்டார்கள்.

இந்த வழக்கில் இடிக்கும் இடம் இதுதான். மார்ச்சில் ஆள் நீங்கியாயிற்று. அப்புறம் செப்டம்பரில் ஏன் கலவரம்? "கிறிஸ்துவின் வரலாற்றையே கேள்வி கேட்ட நூல், கொதித்தெழுந்த பக்தர்கள்" என்று இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்வதுதான் வழக்கம். அந்தச் சுருக்கத்துக்குள் இந்த ஆறு மாதம் அடங்காது.

ஆளும் நூலும்

ஸ்ட்ராஸ் 1808இல் வூர்ட்டம்பர்க் நாட்டில் லுட்விக்ஸ்பர்க் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா வணிகர். டூபிங்கன் இறையியல் விடுதியில் படித்தார். 1831இல் தத்துவஞானி ஹெகலிடம் படிக்கவேண்டும் என்றே பெர்லின் போனார். போன சில நாட்களில் ஹெகல் இறந்துவிட்டார். செய்தியைச் சொன்னவர் இன்னொரு பெரிய இறையியலாளரான ஷ்லையர்மாகர். அவர் முகத்துக்கு நேராகவே, "அவருக்காகத்தானே நான் இங்கே வந்தேன்" என்று இளைஞர் சொல்லிவிட்டார். ஷ்லையர்மாகருக்கு அது எப்படி இருந்திருக்கும்! மனசில் பட்டதை இடம் பொருள் பார்க்காமல் சொல்லிவிடும் இந்தச் சுபாவம் கடைசிவரை அவரை விடவில்லை.

டூபிங்கனுக்குத் திரும்பி விடுதியிலேயே இளநிலை ஆசிரியர் ஆனார். 27 வயதில் 'இயேசுவின் வாழ்க்கை: ஒரு விமர்சன ஆய்வு' நூலின் முதல் பாகத்தை 1835இல் வெளியிட்டார். அடுத்த பாகமும் தாமதமில்லாமல் வந்தது. இரண்டும் சேர்ந்தால் 1,400 பக்கத்துக்கு மேல். கிரேக்கமும் எபிரேயமும் லத்தீனும் அறிந்தவர்களுக்காக எழுதிய புத்தகம். பொதுமக்கள் கையில் எடுக்கிற மாதிரி அதில் ஒன்றும் கிடையாது.

இயேசு என்று ஒருவர் வாழவே இல்லை என்று ஸ்ட்ராஸ் சொல்லவில்லை. இதை முதலிலேயே தெளிவாக்கிவிடுவது நல்லது. இன்றும் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அவரைத் திட்டுகிறார்கள், சிலர் அதே நினைப்பில் பாராட்டுகிறார்கள். கலிலேயாவில் ஒரு போதகர் இருந்தார், தம்மை மேசியா என்று நம்பினார், சிலுவையில் மாண்டார் என்பதை ஸ்ட்ராஸ் ஒப்புக்கொண்டார். அவர் கேள்வி கேட்டது அந்த மனிதரைச் சுற்றி நற்செய்திகள் அடுக்கும் அற்புதங்களைப் பற்றி.

அந்தக் காலத்து ஜெர்மனியில் அற்புதங்களை விளக்க இரண்டு கட்சிகள் இருந்தன. ஒரு கட்சி, எழுதியிருக்கிறபடியே நடந்தது என்றது. இன்னொன்று பகுத்தறிவுக் கட்சி. அதன் பெரிய தலை ஹைடல்பர்க் பேராசிரியர் பவுலுஸ். சம்பவம் நடந்தது உண்மை, ஆனால் அதில் அற்புதம் எதுவும் இல்லை, பார்த்தவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்பது அவர் வாதம். இயேசு கடல்மேல் நடக்கவில்லை, கரையோரமாக நடந்தார், மூடுபனியில் சீடர்களுக்கு அப்படித் தெரிந்தது. ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் போதியது எப்படி? இயேசு தம்மிடம் இருந்ததைப் பகிர்ந்தார். அதைப் பார்த்து, மூட்டையில் சாப்பாட்டை ஒளித்து வைத்திருந்தவர்களும் வெட்கப்பட்டு எடுத்துப் பகிர்ந்தார்கள். நம் ஊர்ப் பிரசங்கங்களில் இந்த விளக்கத்தை இன்றைக்கும் கேட்கலாம்.

இரண்டு கட்சியையும் ஸ்ட்ராஸ் ஒரே வேகத்தில் அடித்தார். பகுத்தறிவாளர் விளக்கம்தான் அவருக்கு அதிக எரிச்சல். மூலத்தில் இல்லாத மூட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அவர் வழி வேறு: பழைய ஏற்பாட்டைத் திற. இராஜாக்களின் இரண்டாம் புத்தகம், நான்காம் அதிகாரம். எலிசா தீர்க்கதரிசியிடம் ஒருவன் இருபது வாற்கோதுமை அப்பம் கொண்டுவருகிறான். நூறு பேருக்கு இதை எப்படி வைப்பது என்று வேலைக்காரன் கேட்கிறான். வை, மீதியும் இருக்கும் என்கிறார் எலிசா. சாப்பிடுகிறார்கள், மீதியும் இருக்கிறது. இப்போது யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்துக்கு வா. அங்கேயும் வாற்கோதுமை அப்பம், அங்கேயும் 'இத்தனை பேருக்கு இது எம்மாத்திரம்' என்ற கேள்வி, அங்கேயும் மீதி, பன்னிரண்டு கூடை நிறைய. நூறு பேர் ஐயாயிரம் ஆனார்கள், இருபது அப்பம் ஐந்தாகக் குறைந்தது. ஏனென்றால் மேசியா எலிசாவைவிடப் பெரியவர்.

நாயீன் ஊர் விதவையின் மகன் உயிர்பெற்றதை, எலியா உயிர்ப்பித்த சாறிபாத் விதவையின் மகனோடு வைத்துப் பார்த்தார். மலைமேல் இயேசுவின் முகம் ஒளிர்ந்ததை, சீனாய் மலையிலிருந்து இறங்கிய மோசேயின் முகத்தோடு வைத்துப் பார்த்தார். எருசலேம் பவனியில் மற்றவர்கள் ஒரு கழுதைக்குட்டியைச் சொல்ல, மத்தேயு மட்டும் கழுதையையும் குட்டியையும் சேர்த்துக் கொண்டுவருகிறார். சகரியா தீர்க்கதரிசி ஒரே விலங்கைக் கவிதை வழக்கப்படி இரண்டு முறை சொன்னதை இரண்டு விலங்கு என்று படித்ததன் விளைவு அது. மத்தேயுவில் யோசேப்பின் தகப்பன் யாக்கோபு, லூக்காவில் ஏலி. இரண்டு வம்ச வரலாறும் தாவீதின் மகன் என்று நிறுவப் பிறந்தவை, ஊராட்சிப் பதிவேட்டிலிருந்து வந்தவை அல்ல என்றார்.

இதைப் பொய் என்று அவர் சொல்லவில்லை. ஒருவரும் உட்கார்ந்து திட்டமிட்டு ஏமாற்றவில்லை. மேசியா வந்தால் இன்னின்ன செய்வார் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த ஒரு சமூகம், வந்துவிட்டார் என்று நம்பியபின், அந்த எதிர்பார்ப்பையெல்லாம் அவர்மேல் தன்னையறியாமலே ஏற்றிவிட்டது. தொன்மம் என்று அவர் சொன்னது இதைத்தான். கந்தனையும் கண்ணனையும் பற்றி ஊருக்கு ஊர் ஒரு தலபுராணம் வளர்ந்ததைப் பார்த்த நமக்கு இது ஒன்றும் விளங்காத விஷயம் இல்லை. 1835 ஜெர்மனியில், புராணம் என்பது கிரேக்கருக்கும் நமக்கும் மட்டும் உரியது, வேதாகமத்தில் அதற்கு இடமில்லை என்று நினைத்தவர்களுக்கு அது இடி.

சரி, அவருக்கு என்ன நடந்தது? முதல் பாகம் வந்த சூட்டிலேயே டூபிங்கன் வேலை போனது. லுட்விக்ஸ்பர்க் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே பிடிக்காமல் ராஜினாமா செய்துவிட்டு ஸ்டுட்கார்ட்டில் எழுதிப் பிழைத்தார். ரைமாருஸ் என்ற ஹாம்பர்க் ஆசிரியர் இதைவிடக் கடுமையாக எழுதி, அதை மேசைக்குள் பூட்டி வைத்தே 1768இல் செத்துப்போனவர். பின்னால் எழுத்தாளர் லெஸ்ஸிங்தான் அதன் பகுதிகளை ஆசிரியர் பெயரை மறைத்து வெளியிட்டார். ஸ்ட்ராஸ் சொந்தப் பெயரில், சொந்த வேலையைப் பணயம் வைத்து வெளியிட்டார்.

அதற்காக அவரைத் தியாகி ஆக்கிவிடவும் வேண்டாம். 1838இல் வந்த மூன்றாம் பதிப்பில் சுருதியை இறக்கினார். யோவான் நற்செய்தியை நம்பமுடியாது என்று அடித்துச் சொன்னவர், நம்பமுடியாது என்பதில் எனக்கே ஐயம் வந்துவிட்டது என்கிற அளவுக்கு வளைந்தார். வேலை தேடுகிற மனிதரின் குரல் அதில் கேட்கிறது. சூரிச் கைவிட்டபின் 1840இல் வந்த நான்காம் பதிப்பில் அந்தச் சமரசங்களை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டார்.

சூரிச் ஏன் அவரை அழைத்தது

சூரிச்சில் 1830 நவம்பரில் ஊஸ்டர் என்ற ஊரில் கூடிய பெருங்கூட்டத்துக்குப் பிறகு தாராளவாதிகள் ஆட்சிக்கு வந்தார்கள். புதிய அரசியல் சாசனம், புதிய பள்ளிச் சட்டம், 1833இல் புதிய பல்கலைக்கழகம் என்று மளமளவென்று மாற்றினார்கள். படித்தவர்கள், நல்லெண்ணம் உள்ளவர்கள், நேர்மையானவர்கள். மக்களுக்கு எது நல்லது என்பது மக்களைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பியவர்கள்.

கிராமத்தில் நிலைமை வேறு. மேட்டுநிலப் பகுதியில் வீட்டிலேயே தறி போட்டு நெய்தவர்கள், இயந்திரத் தறிகளைத் தடைசெய்யுங்கள் என்று 1830 கூட்டத்திலேயே கேட்டார்கள். நடக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, அதே கூட்டத்தின் நினைவு நாளில், மேல் ஊஸ்டரில் ஓர் ஆலையைக் கொளுத்தினார்கள். அரசு கடுமையாகத் தண்டித்தது. அப்புறம் பள்ளிகள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவராக இக்னாஸ் தாமஸ் ஷெர் என்ற வூர்ட்டம்பர்க்காரரைக் கொண்டுவந்தார்கள். மத வினாவிடை நூலும் வேதாகமமும் வைத்து எழுத்துக் கற்றுக்கொடுத்த வழக்கம் போய்ப் புதிய பாடநூல்கள் வந்தன. போதகரின் கையிலிருந்த பள்ளிக்கூடம் அரசு ஆசிரியரின் கைக்குப் போனது. கட்டாயக் கல்வி என்றால் பிள்ளையின் கூலி போயிற்று, பள்ளி வரியும் வந்தது. நெய்கிறவன் வீட்டுக் கணக்கில் இது எப்படித் தெரியும் என்று தலைநகரில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் இறையியல் பேராசிரியர் இடம் காலியானது. ஸ்ட்ராஸை அழைக்க அதற்கு முன்பும் முயன்று தோற்றிருந்தார்கள். 1839 ஜனவரியில் கல்விக் குழுவில் வாக்குகள் சமமாகப் பிரிந்தன. தலைவர் கொன்ராட் மெல்கியோர் ஹிர்ட்செல் தம் வாக்கை ஸ்ட்ராஸ் பக்கம் போட்டார். ஹிர்ட்செல் மாநிலத்தின் தலைவர்களில் ஒருவர், சட்டம் படித்தவர். ஸ்விங்லி 16ஆம் நூற்றாண்டில் சூரிச்சில் தொடங்கிய திருச்சபைச் சீர்திருத்தத்தின் இரண்டாம் கட்டத்தை ஸ்ட்ராஸை வைத்துத் தொடங்கலாம் என்று நிஜமாகவே நம்பினார். பேராசிரியர் நியமனத்தில் திருச்சபைக்கும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று மாநிலச் சட்டமன்றமான மாமன்றத்தில் தீர்மானம் வந்தபோது, பெரும்பான்மை அதைத் தள்ளிவிட்டது. பிப்ரவரி தொடக்கத்தில் நியமனம் உறுதியானது.

என் கணிப்பில் அரசு விழுந்த இடம் அந்தத் தள்ளுபடிதான். ஸ்ட்ராஸைப் பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறைக்கு அழைத்திருந்தால் இந்தப் பிரச்சினை பாதி அளவுக்குக்கூட வந்திருக்காது. அவரை அமர்த்த நினைத்த இருக்கை, கிராமக் கோயில்களுக்குப் போகவேண்டிய போதகர்களைப் பயிற்றுவிக்கும் இருக்கை. நாளைக்கு என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்போகிறவன் யாரிடம் படிக்கிறான் என்று கேட்க அந்த விவசாயிக்கு நியாயம் இருந்தது. 1,400 பக்கத்தில் ஒரு வரிகூட அவன் படிக்கவில்லை என்பது அதற்குப் பதில் ஆகாது. நியமித்தவர்களிலும் எத்தனை பேர் முழுசாகப் படித்திருப்பார்கள்?

மனுவிலிருந்து மணியோசை வரை

சபைதோறும் விசுவாசக் குழுக்கள் முளைத்தன. மாநிலக் குழுவுக்குத் தலைவர் ரிக்டர்ஸ்வில் ஊர்த் தொழிலதிபர் ஹூர்லிமன் லாண்டிஸ். ஆலை முதலாளியும் ஆலையால் கெட்ட நெசவாளியும் ஒரே அணியில் சேர்ந்தது இந்தக் கதையின் வேடிக்கைகளில் ஒன்று. மார்ச்சில் சபைக் கூட்டங்களில், ஸ்ட்ராஸ் வேண்டாம் என்று அரசிடம் கேட்கும் மனு வாக்குக்கு விடப்பட்டது. ஆதரவு ஏறக்குறைய 40,000. எதிர்ப்பு ஆயிரத்துச் சொச்சம். எந்த அரசும் இப்படி ஓர் எண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கமுடியாது.

ஸ்ட்ராஸ் ஸ்டுட்கார்ட்டிலிருந்து சூரிச்சில் தம்மை ஆதரித்தவர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதிப் பார்த்தார். அமைதியான, பணிவான கடிதம். எடுபடவில்லை. மாமன்றம் அவரை வேலை தொடங்கும் முன்பே ஓய்வுக்கு அனுப்பியது, ஆண்டுக்கு 1,000 பிராங்கு ஓய்வூதியத்தோடு.

மனுவில் ஸ்ட்ராஸ் ஒரு பகுதிதான். பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சியிலும் மதக் கல்விக்கு உத்தரவாதம் வேண்டும் என்பதும் கோரிக்கை. அரசு ஆளை விட்டுக்கொடுத்தது, மீதியைத் தொடவில்லை. குழுக்களும் கலையவில்லை. கோடைக்காலம் முழுக்க ஒரு பக்கம் சட்டப்படியான அரசு, இன்னொரு பக்கம் ஊருக்கு ஊர் கிளை வைத்த ஓர் அமைப்பு, இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. ஆகஸ்டில் அரசு குழுத் தலைவர்கள்மேல் சட்ட நடவடிக்கையில் இறங்கியது. ஆளை விட்டுக்கொடுத்தபின் அமைப்பின்மேல் பாய்வது, பலவீனத்தையும் காட்டி ஆத்திரத்தையும் கிளப்புகிற வேலை. செப்டம்பர் 2இல் க்ளோட்டன் ஊரில் மழையில் ஆயிரக்கணக்கானவர் கூடினார்கள். தாராளவாத மாநிலங்களிலிருந்து படை வரப்போகிறது என்ற வதந்தி பரவியது.

செப்டம்பர் 5 மாலை, மேட்டுநிலத்து பெஃபிகோன் ஊரில் ஆபத்து மணி அடித்தது. அடிக்கச் சொன்னவர் அந்த ஊர்ப் போதகர் பெர்ன்ஹார்ட் ஹிர்ட்செல். நியமித்த ஹிர்ட்செல் வேறு, இந்த ஹிர்ட்செல் வேறு. இவரை முரட்டுக் கிராமப் போதகர் என்று எண்ணிவிடக்கூடாது. வடமொழி அறிஞர், சூரிச் பல்கலைக்கழகத்திலேயே கற்பித்தவர், காளிதாசனின் சாகுந்தலத்தை மூலத்திலிருந்து ஜெர்மனுக்குப் பெயர்த்து 1833இல் வெளியிட்டவர். துர்வாசரின் சாபமும் மீன் வயிற்றில் கிடைத்த மோதிரமும் கவிதை என்று ரசிக்கத் தெரிந்த மனிதர், நற்செய்தியிலும் கவிதை உண்டு என்று சொன்னவருக்கு எதிராக ஊர்வலம் நடத்தினார். இதை முரண் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. அடுத்தவர் கதையை ரசிப்பது வேறு, தன் சபைக்குத் தான் பதில் சொல்லவேண்டிய கதை வேறு.

இரவோடு இரவாக நடந்து, ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் காலையில் நகரத்துக்குள் வந்தார்கள். ஞானப் பாட்டுகள் பாடிக்கொண்டு வந்தார்கள். கையில் தடி, அரிவாள், சிலரிடம் துப்பாக்கி. ஆற்றைத் தாண்டி மூன்ஸ்டர்ஹோஃப் சதுக்கம் வந்தபோது ராணுவம் எதிர்கொண்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது, கூட்டம் சிதறியது. ராணுவக் கணக்கில் அரசு ஜெயித்துவிட்டது. ஆனால் அரசு அதற்குள் மனம் தளர்ந்திருந்தது. சண்டையை நிறுத்தும் ஆணையோடு அரசு உறுப்பினர் யோகன்னஸ் ஹெகெட்ஷ்வைலர் வெளியே ஓடிவந்தார். அவர் மருத்துவர், சுவிஸ் நாட்டுத் தாவரங்களைப் பற்றி எழுதிய தாவரவியலாளர். ஆணையைக் கொடுக்கப் போன இடத்தில் தலையில் குண்டு பாய்ந்தது. செப்டம்பர் 9இல் இறந்தார். அவரையும் சேர்த்துச் செத்தவர்கள் 15 பேர் அளவில்.

அரசு கலைந்தது. இடைக்கால ஆட்சியில் ஹூர்லிமன் லாண்டிஸும் இடம்பெற்றார். தேர்தலில் பழமைவாதிகள் வந்தார்கள். ஷெர் வேலையிழந்தார். மெல்கியோர் ஹிர்ட்செல் பதவியிழந்து 1843இல் இறந்தார்.

பிறகு

ஸ்ட்ராஸுக்குப் பல்கலைக்கழக வேலை கடைசிவரை கிடைக்கவில்லை. 1842இல் பாடகி அக்னேஸ் ஷேபெஸ்ட்டை மணந்தார். சில வருடங்களில் பிரிந்தார்கள். 1848இல் அரசியலுக்கு வந்தார், அதிலும் ஒட்டவில்லை. நூல் மட்டும் பயணம் போனது. 1846இல் ஆங்கிலத்தில் வந்தது. பெயர் போடாமல், 20 பவுண்டு கூலிக்கு மொழிபெயர்த்தவர் பின்னாளில் ஜார்ஜ் எலியட் என்ற பெயரில் நாவல்கள் எழுதிய பெண். ஸ்ட்ராஸை எதிர்த்து எழுதத் தொடங்கிய ஜெர்மன் இறையியலாளர் புரூனோ பவர், சில வருடத்தில் அவரையும் தாண்டி, இயேசு என்ற மனிதரே இருந்தாரா என்ற கேள்விக்குப் போய் 1842இல் பான் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமையை இழந்தார்.

நமக்கும் இவரோடு ஒரு தூரத்து உறவு உண்டு. மலையாள அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட், மௌல்ப்ரொன் பள்ளியில் ஸ்ட்ராஸிடம் படித்தவர். மாணவப் பருவத்தில் ஆசிரியரின் செல்வாக்கில் இருந்தவர், பிறகு பக்திப் பக்கம் முழுசாகத் திரும்பினார். 1836இல் சென்னையில் வந்திறங்கித் தமிழ் கற்று, திருநெல்வேலியிலும் சித்தூரிலும் இருந்துவிட்டு அப்புறம்தான் மேற்குக் கடற்கரைக்குப் போனார். ஒரே வகுப்பறையிலிருந்து ஒருவர் நற்செய்தியின் வேரைத் தோண்டப் போனார், மற்றவர் அதை எடுத்துக்கொண்டு கப்பலேறினார்.

ஆய்வாகப் பார்த்தால் ஸ்ட்ராஸின் நூலில் ஓட்டை உண்டு. நான்கு நற்செய்திகளில் எது முந்தியது, எது எதைப் பார்த்து எழுதியது என்பதில் அவர் போதிய உழைப்பு போடவில்லை. மத்தேயு முதல், மாற்கு சுருக்கம் என்ற பழைய எண்ணத்தோடே நின்றார். 1838லேயே வைஸ்ஸ, வில்க என்ற இருவர் மாற்குதான் முந்தியது என்று தனித்தனியாக வாதிட்டார்கள். இன்றைய பெரும்பான்மை ஆய்வாளர் அந்தப் பக்கம்தான். ஆனால் யோவானை மற்ற மூன்றோடு சேர்த்து ஒரே வரலாறாகப் பின்ன முடியாது என்ற அவர் முடிவு நின்றுவிட்டது. சபைப் பள்ளிகளிலேயே அதைப் பாடமாகச் சொல்கிறார்கள்.

சூரிச்சில் அவருக்கென்று வைத்திருந்த இருக்கைக்கு 1841இல் யோகன் பீட்டர் லாங்கே வந்தார். ஸ்ட்ராஸை மறுத்து எழுதியவர் என்பதே அவருக்குத் தகுதி. சில வருடங்களில் பழமைவாத ஆட்சி தளர்ந்து, 1845இல் தாராளவாதிகள் மறுபடியும் தலைமைக்கு வந்தார்கள். 1850இல் அதே இறையியல் துறைக்கு அலோயிஸ் இமானுவேல் பீடர்மன் வந்தார். ஹெகல் வழி வந்தவர், ஸ்ட்ராஸிடம் கற்றதை மறைக்காதவர், ஸ்ட்ராஸ் இறந்தபின் அவரைப் பற்றியே பல்கலைக்கழகத்தில் உரை நிகழ்த்தியவர். 1885இல் சாகும்வரை அங்கேயே போதகர்களைப் பயிற்றுவித்தார். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அவர் சூரிச் மண்ணில் பிறந்தவர், சில வருடம் சபைப் போதகராக இருந்துவிட்டு வந்தவர், விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது சபைக்குள் நின்றே பேசியவர். அவருக்காக யாரும் எந்த ஊரிலும் மணி அடிக்கவில்லை.